தானாகத் திரும்பும் கண்ணாடி

கண்ணாடி தானாகத் திரும்பியது. யாரும் தொடவில்லை. 'கிர்ர்' என்று ஒரு சத்தம். சூரியன் நகர்ந்த அளவுக்கு அதுவும் நகர்ந்து நின்றது.

கங்காதரன் தொப்பியைக் கழற்றிக் கும்பிடாத குறைதான். பெங்களூரில் ஒரு சர்க்கார் ஆராய்ச்சிக்கூடத்தில் சூரிய அடுப்புக்கு அவர் பொறுப்பு. மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டும், அடுப்பின் கண்ணாடியைக் கால்மணிக்கொரு தரம் கையால்தான் திருப்ப வேண்டியிருந்தது. மறந்தால் சோறு அரிசியாகவே இருக்கும்.

"தானாத் திரும்புற கண்ணாடியோட வா. இல்லேன்னா திங்கக்கிழமைலேருந்து ஸ்டோர்ஸ்ல போய் உக்காரு" என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

இங்கே, தங்கவயலில் ஊரிகத்துத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில், சுரங்கத்து ஃபிட்டர் ராஜப்பா அதைச் சாதித்திருந்தான்! இடுப்புயரப் பலகைப் பெட்டி; அதன் தலையில் வண்டிச்சக்கரம் அகலத்துக்குக் கண்ணாடி. அது அடித்த வெளிச்சத்தில், மறுபடி விடிந்துவிட்டதென்று பல மைல் தள்ளியிருக்கும் பூதிகோட்டைச் சேவல்கள் கூவினவாம். கண்ணாடிக்கு எதிரே தொங்கிய பானையில் மூன்றாவது உலைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. முதல் இரண்டை லைனே தின்று ஏப்பம் விட்டாயிற்று.

"மணிக்குப் பதினஞ்சு டிகிரி சார். காலைல ஏழு மணிலேர்ந்து ஒரு டிகிரி தப்பல" என்றான் ராஜப்பா.

"உள்ள என்னப்பா இருக்கு? ஸ்பிரிங்கா, பாதரசமா?"

"அதான் சார் ரகசியம். தொறந்தா காத்துப் பட்டு கெட்டுப்பூடும்."

பக்கத்து வீட்டு ரத்தினம்மா, ராஜப்பாவின் மனைவியிடம் வந்தாள். "இம்மாங் கூட்டம் கூடிக்கீது, உன் தம்பி முனுசாமி எங்க பார்வதம்மா?"

"அவன் கீழ இருக்கான்க்கா. ஃபஸ்ட் ஷிஃப்ட்டு."

தங்கவயலில் சுரங்க வேலைக்கு இறங்கினவனை அப்படித்தான் சொல்வார்கள். ரத்தினம்மா தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பார்க்கப் போனாள்.

கங்காதரன் கோணமானி வைத்து அளந்தார். அச்சு பிசகாமல் சரி! டில்லி மேடையும் ரோஜா மாலையும் கண்ணெதிரே வந்து நின்றன. ராஜப்பாவின் பெயரை எவ்வளவு பொடி எழுத்தில் போட்டால் போதும் என்பது வரைக்கும் யோசித்துவிட்டார்.

அங்கேயே குந்தி எழுதினார்: 'ஆள் துணையின்றி, முற்றிலும் தானாக இயங்குகிறது. நேரில் கண்டு உறுதி செய்தேன். கங்காதரன்.'

"இதை டைரக்டருக்குத் தந்தி அடிச்சிட்டு வா, ஓடு!" என்று டிரைவர் வால்டரை ஜீப்பில் விரட்டினார். ஜீப் தந்தி ஆபீசுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. "அடிச்சாச்சு சார்" என்றான் வால்டர்.

அவன் வாயை மூடவில்லை, சுரங்கத்தின் மூன்று மணிச் சங்கு கூரைத் தகரமெல்லாம் எகிற அலறி ஓய்ந்தது.

ஐந்து நிமிஷம் போனது. பத்து போனது. சூரியன் தன் பாட்டுக்கு மேற்கே போய்க்கொண்டிருந்தது, கண்ணாடி அசையவில்லை. பானையில் கொதி அடங்கியது.

"என்னய்யா, நின்னுபோச்சு?" என்றார் கங்காதரன்.

ராஜப்பா வானத்தைப் பார்த்தான். பார்வதம்மா பூமியைப் பார்த்தாள்.

பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது:

"மாமா, சங்கு ஊதி எம்மா நேரம் ஆவுது... செகண்ட் ஷிஃப்ட்டுக்கு ஆளு வரலியா?"