பதினான்காவது மாடியில் பால் காய்ச்சு

இப்போதெல்லாம் எவனும் தான் செய்ததை ஒப்புக்கொள்வதில்லை, பழியை மெஷின் தலையில் போட்டுவிடுகிறான் என்று அங்கமுத்துவுக்கு எரிச்சல். பதினான்காவது மாடியில் மகள் எழிலரசி வாங்கிய வீட்டில் இன்று பால் காய்ச்சுகிறார்கள். அவர்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். ஆனால் கேமராவில் ஆளைப் பார்த்துக் கதவு திறக்கும் லிஃப்ட் மூன்று முறை மற்றவர்களை ஏற்றிக்கொண்டு, அவரிடம் மட்டும், "வேலையாட்கள் பின்பக்க லிஃப்டுக்குச் செல்லவும்" என்று கனிவாகச் சொல்லிவிட்டுப் போனது.

மகள் பட்டுப்புடவையோடு இறங்கி ஓடிவந்தாள்.

"ஆளுங்க வந்ததும் துண்டக் கக்கத்துல இடுக்கி ஒதுங்கி நின்னீங்களாப்பா? அதப் பாத்துத்தான் அது ஆள எடை போடுது."

"அறுவது வருசப் பழக்கம்மா."

"மெஷினுக்குச் சாதி தெரியாதுங்கய்யா," என்றார் காவலாளி. "இங்க இருக்கறவங்களப் பாத்துக் கத்துக்கிட்டது. போகப்போக மாறிடும்."

"எங்கப்பன்கிட்டயும் இதத்தான்யா சொன்னானுங்க," என்றார் அங்கமுத்து.

"நல்ல நேரம் முடியப் போவுதுப்பா. கொஞ்சம் நெஞ்ச நிமித்தி நில்லுங்க, தொறக்கும்."

"ஒரு பொட்டிக்கு நான் நிமிந்து காட்டணுமா? நான் ஏறி வர்றதுதான் நல்ல நேரம், போ."

"பதினாலு மாடிங்கய்யா," என்றார் காவலாளி.

"இருக்கட்டும். அது மாறினா மேல வந்து சொல்லு. பாத்துட்டு நம்புறேன்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறத் தொடங்கினார்.