நுனியில்லாத முள்

தீவை ஒட்டிய முழங்காலளவுக் கடலில் நின்று, நகரத்திலிருந்து வந்த நடேசன் இறகு கட்டிய தூண்டிலை மூன்றாம் முறையாக வீசினார். பெரிய பாரை மீன் பாய்ந்து கவ்வியது. உடனே நழுவிப் போனது. தூக்கிப் பார்த்தார். தூண்டில் முள்ளுக்கு நுனியே இல்லை.

"யாரு வெட்டுனது?"

"நான்தான் சார்," என்றாள் அவரைப் படகில் கூட்டிவந்த வழிகாட்டி பிரகாசி. "புடிக்கிறீங்க, போட்டோ எடுக்கிறீங்க, விட்டுடுறீங்க. ஆளாளுக்கு இழுத்து இந்தப் பாரை உதட்டுல ஏழு ஓட்டை. திங்கணும்னா சொல்லுங்க, நானே வலை போட்டுப் புடிச்சுத் தாரேன்."

"உன் வேலையே போயிடும்."

அவர் புதிய முள்ளைக் கட்டி முடித்ததும், பிரகாசி கட்டிங் பிளேயரை நீட்டி அதன் நுனியையும் நறுக்கினாள். அவர் பெட்டியில் இன்னும் முப்பது முட்கள் இருந்தன. பாரை திரும்பி வந்து அவர்கள் கால்களைச் சுற்றியது. பிரகாசி கையை நீட்டினாள்.

"அடுத்ததைக் குடுங்க சார்."