ஜெசிந்தாவின் அக்கா பொண்ணு

அன்பரசி கேமரா முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும் ஜெசிந்தா வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

நெம்மேலியில் அந்தத் தெருவில் ஒரு விஷயம் பரவ வேண்டுமென்றால் அன்பரசியிடம் சொன்னால் போதும். பரவக் கூடாதென்றால் அவள் இருக்கும் பக்கம் மூச்சுகூட விடக் கூடாது. அப்பேர்ப்பட்டவள் புதுப் புடவை கட்டி, பவுடர் பூசி, சென்னையிலிருந்து வந்த யூடியூப்காரன் நிதினுக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வூட்டைப் பத்தியா? எனக்குத் தெரியாதது இன்னா கீது தம்பி, கேளு!"

அந்த வீடு என்பது கடலைப் பார்த்த பெரிய பங்களா. போன வருஷம் அங்கே கோடீஸ்வரர் ராமானுஜத்தைச் சொத்துக்காகச் சொந்தத் தம்பியே தீர்த்துக்கட்டினான். தம்பி இப்போது ஜெயிலில். ராமானுஜத்தின் ஏழு வயது மகள் பிரதீபா எங்கே என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது அந்தக் குழந்தை.

ஜெசிந்தா அந்த பங்களாவில் சமையல்காரி. தாயில்லாத பிள்ளை, அவள் கையால்தான் வளர்ந்தது. கொலைக்குப் பிறகு போன இடமெல்லாம் மைக்கை நீட்டி, "சித்தப்பா என்ன பண்ணார் பாப்பா?" என்று கேட்டார்கள். குழந்தை பேசுவதையே நிறுத்திவிட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த தாய்மாமன் லக்ஷ்மிநாராயணன், கோர்ட் அனுமதியோடு, "இந்த அமளி ஓயற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பிரதீபாவின் பெயர் ஷாரோன். தெருவுக்கு, ஜெசிந்தாவின் அக்கா பொண்ணு. இப்போதுதான் வாய் திறந்து பேசுகிறாள். நேற்று ஒரு தடவை சத்தமாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"ஜெசிம்மா, அந்த அங்கிள் இங்க வருவாரா?"

"வர மாட்டான் கண்ணு. நீ உள்ளாற போ."

ஜெசிந்தா ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். நிதின் செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினான். அன்பரசி அதை வாங்கி, பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். நேராக ஜெசிந்தா வீட்டுப் பக்கம்.

"அடிப் பாவி! குழாயடிச் சண்டைக்கு இப்டியா பழி வாங்குவ?"

ஜெசிந்தா உள்ளே ஓடினாள். குழந்தையின் துணிகளை வாரி ஒரு பையில் திணித்தாள். எங்கே கொண்டுபோவது? மறுபடியும் மைக், மறுபடியும் அதே கேள்வி. இந்தப் பிள்ளை தாங்குமா?

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வந்தது. வீட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது.

நம்ப முடியாமல் கதவைத் திறந்தால், வாசலில் அன்பரசி.

"இன்னா யக்கா, மூஞ்சி வெளுத்துப் போயி கீது?"

"அந்த ஆளாண்ட இன்னாடி சொன்ன?"

"கேட்டதுக்கெல்லாம் சொன்னேன். பாவம், அவ்ளோ தூரம் வந்துகீறான்."

"போட்டோ காட்டினானே?"

"காட்டுனான். 'இந்தப் பொண்ணை அந்த வூட்டு சமையக்காரி இட்டுக்கினு பூட்டா. கடப்பாக்கத்துல கோட்டையாண்ட ஏசுதாஸ்னு ஒருத்தர் வூட்ல கீறாங்க. இப்டியே நேரா போ'ன்னு கையக் காட்டினேன். பறந்துட்டான்."

"யாருடி அந்த ஏசுதாஸு?"

"எனக்கின்னா தெரியும்? கடலோரமா தேடிக்கினே போனா ஒரு ஏசுதாஸ் கெடைக்காமலா பூடுவான்?"

ஜெசிந்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனாலும் பத்து மாதமாகச் சொன்ன பொய் சட்டென்று வாயை விட்டுப் போகுமா?

"அவனை எதுக்குடி அனுப்புன? இங்க கீறது எங்க அக்கா பொண்ணுதானே..." என்று இழுத்தாள்.

"போதும் யக்கா. மொதமொதல்ல ஞாயித்துக்கெழம பூசைக்கு இட்டாந்த பாரு, அன்னிக்கே தெரியும்."

"எப்பிடி?"

"நீ முக்காடு போட்டுக்கினு முன்னால பூட்ட. மாதா கோயில் வாசல்ல மந்திரிச்ச தண்ணித் தொட்டி கீதில்ல? நாமெல்லாம் வெரல நனைச்சு சிலுவை போட்டுக்குவோம். உங்க அக்கா பொண்ணு பெருமாள் கோயில் தீர்த்தம் மாரி கையைக் குழிச்சு எடுத்துக் குடிச்சிட்டு, மீதியத் தலையில தடவிக்கிச்சு."

ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ! எத்தினி பேரு பாத்தாங்க?"

"மொத்தத் தெருவும்தான். தப்பு பண்ட்டோமோன்னு அது எங்களத் திரும்பிப் பாத்துச்சு. மூஞ்சி அழற மாரி ஆயிடிச்சு."

அன்பரசியின் குரல் முதல் தடவையாகத் தணிந்தது.

"அப்புறம்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"அப்புறம் இன்னா? நானும் கையக் குழிச்சு ஒரு வாய் குடிச்சிட்டுத் தலையில தடவிக்கினேன். என் பின்னால நின்னுகினு இருந்த அத்தினி பேரும் குடிச்சாங்க யக்கா. ஃபாதர் வந்து பாக்கறப்போ தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல!"