அறைத்தோழி கேட்கும் கேள்விகள்

மறுநாள் தேன்மலர் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். நகராட்சியில் சாக்கடை அள்ளும் அவள் அப்பா மாசிலாமணி, அங்கே வரப்போகும் அறைத்தோழியாக நடித்து, குரலை மெலிதாக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீ எந்த ஊருடி?"

தெருவின் பெயரைச் சொல்லாமல் தாலுகாவின் பெயரை மட்டும் சொன்னாள்.

"வீட்டுல மாட்டுக்கறி திம்பீங்களா?"

"கோழியே எப்பவாவதுதான்."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். "நேத்துச் சட்டிய வழிச்சது யாருடி?"

"உங்கப்பா என்ன வேல?"

நகராட்சி ஆபீஸில் கிளார்க் என்று சொல்லத்தான் ஒரு வாரமாகப் பழக்கியிருந்தார்கள்.

"அப்பா இல்ல. செத்துட்டாரு," என்றாள்.

அம்மாவின் கை நின்றது. மாசிலாமணி தன் சொந்தக் குரலில் சொன்னார்.

"இப்படி மூஞ்சியப் பாத்துச் சொல்லாத தாயி. தலையக் குனிஞ்சு சொல்லு. அப்பத்தான் மேற்கொண்டு கேக்க மாட்டாங்க."