நான்காவது மெத்தை

தையலுக்குத் துணி விடாமல் வெட்டினாள்.

சாக்பீஸ் கோட்டின் மேலேயே கத்தரிக்கோல் போனது. நாலு பக்கமும் அரை இஞ்ச் விட்டுத்தான் வெட்ட வேண்டும். தையல் பழகப் போன முதல் வாரமே சொல்லித் தருவார்கள். ஆறு வருடம் கம்பெனியில் மிஷின் மிதித்தவள் அதை மறப்பாளா?

மறக்கவில்லை.

பால்கனியில் நான்கு பிரம்பு நாற்காலிகள். வெயிலும் சாரலும் பட்டு மெத்தைகள் கிழிந்து ஸ்பாஞ்ச் பல்லிளித்தது. கடையில் புது உறை கேட்டால் மயக்கம் வரும். வீட்டில் பழைய ஜன்னல் திரை இருந்தது. அரிசி வந்த பிளாஸ்டிக் சாக்கும் இருந்தது. சாக்கை உள்ளே கொடுத்துத் தைத்தால் மழை இறங்காது. ஜிப்புக்குப் பதில் புருஷனுடைய பழைய சட்டைகளின் பட்டன் பட்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

மூன்று உறை முடிந்தது. நாலாவதைத்தான் கெடுத்தாள். தெரிந்தேதான்.

திரைத் துணி அதோடு தீர்ந்தது. இனி கடைவீதிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

அங்கே துணிக்கடையை ஒட்டி ரெஜினா அக்காவின் தையற்கடை. கம்பெனி நாட்களில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்தால் வேலை உனக்கு, வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று போனில் சொல்லியிருந்தாள்.

இன்று வெள்ளி.

தனபால் கெட்ட புருஷன் இல்லை. கெட்டவனாக இருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லி அழலாம். முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பவன். பகல் முழுக்க வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பான். காய்கறி, பூ, தலைவலி மாத்திரை, ரவிக்கைக்கு லைனிங் வரை அவனே வாங்கி வந்துவிடுவான். உனக்கு எதற்குச் சிரமம் என்பான்.

எட்டு வருடமாக அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை.

மூச்சு முட்டியது.

வேலைக்குப் போகட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். இங்கே உனக்கு என்ன குறை என்று கேட்டு இரண்டு நாள் முகம் வாடிக் கிடந்தான். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"ஏனுங்க, துணி பத்தலைங்க. ஒரு மீட்டர் எடுத்துட்டு வந்துடறேன்."

சொல்லும்போதே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவன் எழுந்து வந்தான். நிறம் பார்க்க, முடிந்த உறை ஒன்றை எடுத்துப் பையில் போட்டான்.

"இந்த வெயில்ல நீ எதுக்கு அலையற? நான் போயிட்டு வர்றேன்."

வண்டி கிளம்பும் சத்தம் மாடி வரை கேட்டது.

பின்னாலேயே போகலாம். அதே தெருவில்தான் அவன் நிற்பான்.

எட்டு வருடத்தில் சொன்னது ஒரே ஒரு பொய். அதையும் அன்பாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவளுக்குத் தன் மேல்தான் ஆத்திரம் வந்தது. உறை இல்லாத மெத்தையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டான்.

"அஞ்சு மீட்டரா எடுத்துட்டேன். இனி எதுக்கும் பத்தாமப் போகாது."

தண்ணீர் வாங்கிக் குடித்தான். பிறகுதான் ஞாபகம் வந்தது அவனுக்கு.

"துணிக்கடையில ரெஜினான்னு ஒரு அம்மா நின்னுட்டு இருந்தாங்க. உறையை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தாங்க. இது அவ கையாச்சேன்னு உன் பேரைச் சொன்னாங்க. இந்தக் கை இருந்தா நாளைக்கே வேலைன்னாங்க. அவளுக்கு அதெல்லாம் வேண்டாமுங்கன்னு சொல்லிட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னான். தன் மனைவியின் தையலை ஊரில் ஒருத்தர் மெச்சியதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

பிரிக்காத துணி மேசை மேல் இருந்தது. நல்ல துணி. நிறமும் அச்சாகப் பொருந்தியிருந்தது.

"கடை எத்தனை மணி வரைக்கும் இருக்குமுங்க?"

"எந்தக் கடை?"

அவன் கொண்டு வந்த பையிலிருந்து உறையை எடுத்தாள். சுருக்கம் நீவி, நாலாக மடித்தாள்.

"அவங்க கேட்டது என்னையத்தானுங்களே. வேணுமா வேண்டாமான்னு நானே சொல்லிட்டு வந்துடறேன்."