புல்டோசர் சாவி

பழைய தெருவின் நூறு வயதுப் பூங்காவை இடிக்க முந்தின நாள் மாலையே வந்த புல்டோசர், இன்னும் வாசலிலேயே நின்றது. உள்ளே பெண்கள் மரத்தடியை விட்டு எழ மறுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டியைக் கிளப்புய்யா!" என்று கத்தினார் மேஸ்திரி.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "சாவி வீட்டுக்காரிகிட்ட மாட்டிக்கிச்சு சார். கேட்டாலும் தரமாட்டா."

"பொண்டாட்டிக்கு இவ்வளவு பயமா? வீட்டைக் காட்டு, நான் வாங்கிக்கிறேன்."

"வீட்டுல இல்ல சார்."

அவர் கைகாட்டிய இடத்தில், முதல் வரிசையில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தவள், சாவியைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள்.

"போய்ப் பிடுங்குய்யா! இல்லாட்டி உன் வேலை போயிடும்!"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பிடுங்குறது சார்? காலைல நானேதானே குடுத்தனுப்பினேன்!"

வண்டியிலிருந்து குதித்தவர், "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றபடி மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.