செம்புப் பக்கம்

மேசைமேல் அடுக்கியிருந்த சிடிகளை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இலவசம் என்று எழுதிப் போட்டதுதான் தப்போ என்று ஸ்ரீவித்யாவுக்குத் தோன்றியது. எதிர்க் கடையில் சாவிக்கொத்து கொடுக்கிறார்கள் என்றதும் கூட்டம் அலைமோதுகிறது. அதுவும் இலவசம்தான்.

பெங்களூரின் அந்தக் கண்காட்சிக் கூடத்தில், கழிப்பறைக்குப் போகிற வழியில் அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு தட்டி, கொஞ்சம் சிடிகள்.

சிடியில் இருந்தது மின்சுற்றுப் பலகை வரைகிற மென்பொருள். பெரிய கம்பெனிகள் இதற்குச் சொல்லும் விலையைக் கேட்டால் சின்னப் பட்டறைக்காரர்களுக்கு மயக்கம் வந்துவிடும். அதனால்தான் ஸ்ரீவித்யா நல்ல வேலையை உதறிவிட்டு இதை எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மா கோமளம் இன்னும் அந்த வேலைக்காகத்தான் பெருமூச்சு விடுகிறாள்.

இப்போது கொடுப்பது புதிய பதிப்பு. பழையதில் ஒரு பிழை இருந்தது.

பலகையின் ஒரு பக்கம் செம்புக் கோடுகள் ஓடும். மறுபக்கத்திலிருந்து பாகங்களைச் செருகி, பலகையைத் திருப்பி, செம்புப் பக்கத்தில் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்க வேண்டும். ஊர் உலகமெல்லாம் இதுதான் வழக்கம். பழைய பதிப்போ கோடுகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றி அச்சடித்துவிட்டது. அப்படி வந்த பலகையில் பாகங்களைச் செம்புப் பக்கத்திலேயே செருகினால்தான் பொருந்தும்.

திட்டித் திட்டி வந்த மெயில்களில் அவள் மானம் கப்பலேறியது.

அதனால் புதிய பதிப்பில், யாரும் இனி தவறியும் அப்படி அச்சடிக்க முடியாதபடி செய்துவிட்டாள். பழையதை இணையத்திலிருந்து எடுத்தாள். மிச்சமிருந்த பழைய சிடிகளை உடைத்துக் குப்பையில் போட்ட அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மத்தியானம் ஒரு பெண் நேராக அவள் மேசைக்கு வந்தாள். மழைக்காக, ஆண்கள் போடும் பெரிய ஜெர்கின் ஒன்றைத் தோளோடு போர்த்தியிருந்தாள். பெயர் சங்கமித்ரா என்றாள். ஜீவனஹள்ளியில் வீட்டிலேயே எமர்ஜென்சி லைட் செய்து கடைகளுக்குப் போடுகிறாளாம். சொல்லிக்கொண்டே ஒரு பலகையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஸ்ரீவித்யா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பாகங்கள் எல்லாமே செம்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகி, முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டாள். இதில் அந்தத் தொந்தரவு வராது என்று புதிய சிடியை நீட்டினாள்.

சங்கமித்ரா அதை வாங்கவில்லை. அவளுக்குப் பழைய சிடிதான் வேண்டுமாம்.

கம்ப்யூட்டர் ரிப்பேராகி எல்லாம் அழிந்துவிட்டது. இருந்த சிடியும் கீறல் விழுந்து ஓடவில்லை. நெட் சென்டரில் புதிய பதிப்பை இறக்கி, என்னென்னவோ செய்து பார்த்தும் பழைய மாதிரிப் பலகை வரவில்லை. கையிருப்பு தீர்ந்து, ஒரு மாதமாக வேலை நின்றுபோயிருக்கிறது. கடைக்காரர்கள் வேறு ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பழையது ஒன்றுகூட மிச்சமில்லை என்று ஸ்ரீவித்யா சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

ஸ்ரீவித்யாவுக்குப் பரிதாபமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. பிழைக்கே பழகிப்போய், சரியானதைக் கொடுத்தால் வேண்டாம் என்கிறாளே! இரண்டு நாள் செய்தால் தானாகக் கை பழகிவிடும் என்று தைரியம் சொன்னாள். அந்தப் பலகையையே எடுத்து, இந்தப் பக்கம் செருகி, இப்படித் திருப்பி, இங்கே சால்டர் வைக்க வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தாள்.

சங்கமித்ரா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் தெரியும் மேடம். பழைய போர்டுன்னா கிளாம்ப்ல மாட்டிட்டு, வெச்ச பக்கமே சால்டர் பண்ணிடுவேன். புதுசைத் திருப்பணுமே, திருப்புனா பார்ட்ஸ் எல்லாம் கீழ கொட்டிடுது."

"ஒரு கையால அணைச்சுப் பிடிச்சுண்டு திருப்பினா விழாதேம்மா?"

"புடிக்கலாம் மேடம். இன்னொரு கை இருந்தா."

குத்தலாகச் சொல்லவில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஸ்ரீவித்யாவின் பார்வை அந்தப் பெரிய ஜெர்கினுக்குப் போனது. வெட்கமாக இருந்தது.

பிறகு தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் நின்றபடியே, அந்தப் பிழையைத் திரும்ப எழுத ஆரம்பித்தாள்.